பிட்காயினும் ஓய்வூதியப் பணமும்

நம் சங்க அன்பர்கள் பலரது இல்லங்களில் அண்மைக் காலமாக ஒரு வழக்கு நடந்து வருகிறது. தந்தை எச்.ஏ.எல்.லிலோ பி.இ.எல்.லிலோ முப்பது ஆண்டுகள் உழைத்து ஓய்வு பெற்றவர். வருங்கால வைப்பு நிதியும் பணிக்கொடையும் வங்கியில் வைப்பாக இருக்கின்றன. பிள்ளைக்கு எலெக்ட்ரானிக் சிட்டியில் கணிப்பொறி வேலை. "வங்கி வட்டி விலைவாசிக்கே காணாதப்பா, ஒரு பகுதியை பிட்காயினில் போடலாம்" என்கிறது பிள்ளை. "அது சூதாட்டம்" என்கிறார் தந்தை. இந்த வழக்கில் என் தீர்ப்பு இதுதான்: தொழில்நுட்பத்தைப் பற்றிப் பிள்ளை சொல்வது சரி, ஆனால் அது கேட்பது தவறான பணம்.

பிள்ளைகள் தவறாமல் எடுத்துக்காட்டுவது இன்ஃபோசிஸ் கதையை. 1993-ல் அதன் பங்கு 95 ரூபாய்க்குப் பொதுமக்களுக்கு வந்தபோது போதிய விண்ணப்பங்கள் சேரவில்லை. வாங்காமல் விட்டவர்கள் பிறகு கையைப் பிசைந்தது உண்மைதான். ஆனால் அன்று அந்தப் பங்கை எடைபோட நினைத்தவருக்குப் பார்க்க என்னென்ன இருந்தன? 1981 முதல் நடந்துவந்த தொழில், வெளிநாட்டு வாடிக்கையாளர்கள், தணிக்கையான கணக்குகள், இலாபம். புதுமையும் இருந்தது, அதற்குப் பின்னால் வரவு செலவும் இருந்தது.

பிட்காயினில் அந்த வரவு செலவு கிடையாது. 2009-ல் தொடங்கிய இந்த நாணயம் மொத்தம் 2.1 கோடிக்கு மேல் உருவாக முடியாதபடி அமைக்கப்பட்டது. ஏறக்குறைய நான்கு ஆண்டுக்கு ஒருமுறை புதிதாக வெளிவரும் அளவு பாதியாகக் குறையும். கடைசியாக 2024 ஏப்ரலில் குறைந்தது. எந்த அரசும் நினைத்த மாத்திரத்தில் அச்சடித்துக் குவிக்க முடியாது. இது அருமையான ஏற்பாடு என்பதை நானும் ஒப்புக்கொள்கிறேன். ஆனால் அது வாடகை தராது, வட்டி தராது, பங்காதாயம் தராது. அடுத்தவர் என்ன விலை கொடுக்கிறாரோ அதுதான் மதிப்பு. 2021 நவம்பரில் சுமார் 69,000 டாலர். ஓராண்டு கழித்து 16,000 டாலருக்கும் கீழே. பின்னர் 2024 டிசம்பரில் ஒரு இலட்சம் டாலரையும் தாண்டியது. தங்கமும் வட்டி தராதுதானே என்று நம் பெண்மணிகள் கேட்கக்கூடும். நியாயமான கேள்வி. ஆனால் ஆத்திர அவசரத்துக்கு வளையலை எந்த வங்கியிலும் அடகு வைக்கலாம். பிட்காயினை எடுத்துக்கொண்டு எந்த வங்கிக்குப் போவது?

இங்கு பிட்காயினைப் பற்றித்தான் சொன்னேன். தெருவுக்கு ஒன்றாக முளைக்கும் மற்ற நாணயங்களைப் பற்றிப் பேசவே நான் தயாரில்லை. 2022 மே மாதத்தில் டெர்ரா, லூனா என்ற இரண்டும் சில நாட்களில் ஒன்றுமில்லாமல் போனதே போதும்.

நாணயத்தைவிட, அதை வாங்கும் கடையைத்தான் நம்மவர்கள் அதிகம் ஆராய வேண்டும். 2024 ஜூலை 18 அன்று வசீர்எக்ஸ் நிறுவனத்திலிருந்து சுமார் 23 கோடி டாலர் மதிப்புள்ள நாணயங்கள் களவுபோயின. நட்டம் வாடிக்கையாளர் தலையில் விழுந்தது. தங்கள் நாணயங்களை எடுக்க முடியாமல் அவர்கள் ஓராண்டுக்கு மேல் காத்திருந்தனர். 2025 ஜூலையில் காயின்டிசிஎக்ஸ் நிறுவனத்திலும் சுமார் 4.4 கோடி டாலர் களவுபோனது. ஆனால் அது நிறுவனத்தின் சொந்தக் கணக்கிலிருந்து போன பணம். நட்டத்தைத் தானே ஏற்பதாக நிறுவனம் அறிவித்தது. இரண்டுமே களவுதான். கடைக்காரரிடம் சொந்தக் கையிருப்பு எவ்வளவு, திருடு போனால் யார் பொறுப்பு என்ற கேள்விகளுக்கு விடை அறிந்த பிறகே பணத்தை நீட்ட வேண்டும். வங்கி வைப்புக்கு 5 இலட்சம் ரூபாய் வரை காப்பீடு உண்டு. இங்கே அப்படி எதுவும் கிடையாது.

சட்டத்தின் போக்கையும் பாருங்கள். 2018 ஏப்ரலில் ரிசர்வ் வங்கி, இத்தொழிலுக்கு வங்கிகள் சேவை செய்யலாகாது என்றது. அவ்வாண்டு அக்டோபரில் நம் பழைய விமான நிலையச் சாலை கெம்ப் ஃபோர்ட் வணிக வளாகத்தில் யுனோகாயின் நிறுவனம் ஓர் இயந்திரத்தை நிறுவியது. காவல்துறை அதைப் பறிமுதல் செய்து நிறுவனர்களைக் கைதும் செய்தது. 2020 மார்ச்சில் உச்ச நீதிமன்றம் ரிசர்வ் வங்கியின் அந்தத் தடையையே நீக்கிவிட்டது. 2022-ல் வரி வந்தது: இலாபத்தில் 30 விழுக்காடு, விற்கும்போதே 1 விழுக்காடு பிடித்தம். ஒரு நாணயத்தில் பத்தாயிரம் இலாபம், இன்னொன்றில் பத்தாயிரம் நட்டம் என்றால் கையில் மிச்சம் பூச்சியம். ஆனால் 3,000 ரூபாய் வரியும் அதன்மேல் கூடுதல் தீர்வையும் கட்டியாக வேண்டும். நட்டத்தைக் கழிக்கச் சட்டம் இடம் தராது. இந்தக் கணக்கைச் சொன்னதும் முகம் மாறிய இளைஞர்களை நான் பார்த்திருக்கிறேன்.

ஆகவே பெரியவரின் பணத்தில் ஒரு ரூபாய்கூட இதில் போகக் கூடாது. அவருக்கு வயது திரும்பாது. விழுந்த விலை எழும்வரை காத்திருக்க மருத்துவமனைச் செலவு விடாது. பிள்ளை தன் சம்பளத்தில், ஆறு மாதக் குடும்பச் செலவை ஒதுக்கி, காப்பீடு கட்டி, வீட்டுக் கடன் தவணையும் போக மிஞ்சுவதில் நூற்றுக்கு மூன்றோ ஐந்தோ போடட்டும். அதை நான் தடுக்கமாட்டேன். கடன் வாங்கிப் போடுவது, சீட்டு எடுத்துப் போடுவது, ஊரிலுள்ள நிலத்தை விற்றுப் போடுவது இவற்றைத் தடுப்பேன்.

இன்னொன்று, அது பெண்கள் கேட்க வேண்டியது. நாணயங்களைத் தன் கைவசமே வைத்திருப்பவருக்குப் பன்னிரண்டு அல்லது இருபத்து நான்கு சொற்கள் கொண்ட இரகசியத் தொடர் ஒன்று இருக்கும். அது தொலைந்தால் பணமும் தொலைந்தது. எந்தக் கிளை மேலாளரிடமும் மனுப்போட முடியாது. அதைத் தாளில் எழுதி, நகையோடும் வீட்டுப் பத்திரத்தோடும் பூட்டி வைத்து, இடத்தை மனைவிக்கோ கணவருக்கோ இன்றே சொல்லி வைக்கவும். கைப்பேசியில் படம் பிடித்து வைக்க வேண்டாம்.