உயிரைக் குடிப்பது கிருமியின் விஷம்!

சென்னையில் மழைக்காலம் வந்தால் இரண்டு பயம். வீட்டுக்குள் வெள்ளம் வருமோ என்பது ஒன்று. குடிதண்ணீரில் சாக்கடை கலக்குமோ என்பது மற்றொன்று. 2015 டிசம்பரில் அடையாறு கரை புரண்டதைக் கண்டவர்களுக்கு இது தெரியும். வெள்ளம் வடிந்துவிடும், தண்ணீரில் கலந்த கிருமி அத்தனை எளிதில் போகாது. அப்படிப் பரவும் நோய்களில் கொடியது காலரா.

மதகு திறக்கிறது

காலராக் கிருமி குடலைத் தின்பதில்லை. ரத்தத்திலும் கலப்பதில்லை. குடலின் உள்சுவரில் ஒட்டிக்கொண்டு விஷத்தைக் கக்குகிறது. அந்த விஷம் குடலின் உயிரணுக்களில் புகுந்து, உப்பை வெளியே விடும் மதகைத் திறந்து விடுகிறது. உப்பு போகும் வழியே தண்ணீரும் போகிறது. நோய் கடுமையானால் மணிக்கு ஒரு லிட்டர்கூடப் போகும். கண் குழிவிழும், நாடி தளரும். சில மணி நேரத்தில் உயிரே போகலாம்!

கல்கத்தா டாக்டர்

கிருமி விஷம் கக்குகிறது என்று ஜெர்மன் அறிஞர் ராபர்ட் காக் 1884-லேயே சந்தேகித்தார். அதை நிரூபித்தவர் கல்கத்தா டாக்டர் சம்புநாத் டே. கிருமி வளர்ந்த சாற்றை வடிகட்டி, கிருமியே இல்லாத அந்தச் சாற்றை முயலின் குடலில் செலுத்தினார். குடலில் நீர் நிரம்பியது! இந்த உண்மை 1959-ல் வெளிவந்தது.

மதராஸில் புது வேஷம்

1992 அக்டோபரில், மதராஸ் என்று பெயர் இருந்த நம் நகரில் ஒரு புதுவகைக் காலரா தோன்றியது. ஓ-139 என்று அதற்குப் பெயர். பிறகு வங்கதேசம்வரை பரவியது. பழைய காலராவைத் தாங்கப் பழகிய பெரியவர்களையும் அது விடவில்லை. வேஷம் புதிது, விஷம் பழையதே!

அடுப்படியில் மருந்து

விஷம் ஒரு மதகைத் திறந்தாலும், இன்னொரு வாசலை அடைப்பதில்லை. சர்க்கரையும் உப்பும் சேர்ந்து வந்தால் குடல் ஏற்றுக்கொள்ளும். தண்ணீரும் கூடவே உள்ளே போகும். 1971-ல் வங்க அகதிகள் முகாமில் டாக்டர் திலீப் மகலனாபிஸ் இந்தக் கரைசலைக் கொடுத்தார். அங்கே சாவு நூற்றுக்கு நாலுக்கும் கீழே இறங்கியது.

கடையில் கிடைக்கும் ஓ.ஆர்.எஸ். பொட்டலமே நல்லது. அது இல்லாவிட்டால், காய்ச்சி ஆறிய ஒரு லிட்டர் தண்ணீரில் ஆறு டீஸ்பூன் சர்க்கரை, அரை டீஸ்பூன் உப்பு கரையுங்கள். டீஸ்பூனைத் தலைதட்டி அளக்க வேண்டும். உப்பு கூடக்கூடாது. கொஞ்சம் கொஞ்சமாகக் கொடுத்தபடியே ஆஸ்பத்திரிக்கு விரையுங்கள்.

பேதியாகும் குழந்தைக்குத் தண்ணீர் கொடுக்கக்கூடாது என்று சிலர் சொல்வார்கள். கேட்காதீர்கள். மயிலாப்பூர்ச் சந்தோ, தி.நகர் மாடி வீடோ, காலரா பேதம் பார்க்காது. தண்ணீரைக் காய்ச்சிக் குடியுங்கள். கையைச் சோப்புப் போட்டுக் கழுவுங்கள். வந்தபின் தவிப்பதைவிட வராமல் காப்பதே மேல்!