தாய்ப்பால் சொன்ன சாட்சி

எங்கோ ஒருவர் தெளித்த நஞ்சை வேறெங்கோ ஒரு குழந்தை பருக நேர்வது பெரும் அநியாயம். தெளித்தவரும் பருகிய குழந்தையும் ஆயிரக்கணக்கான கிலோமீற்றர் தூரத்தில் இருந்தால் அந்த அநியாயத்தை யார் நிரூபிப்பது? எந்த ஒரு நாட்டின் விஞ்ஞானிகளாலும் தனியே முடியாது. ஆகவே இரசாயன நஞ்சுகள் பற்றிய ஆய்வில் நாடுகள் கைகோப்பதை நான் உதவியாகப் பார்க்கவில்லை, நீதியாகவே பார்க்கிறேன்.

டி.டி.ரி., பீ.சீ.பீ., டயொக்சின் போன்றவை நீடித்து நிலைக்கும் சேதன மாசுக்கள் எனப்படுகின்றன. இவை எளிதில் பிரிந்தழிவதில்லை. வெப்பமான பிரதேசத்தில் ஆவியாகிக் காற்றோடு சென்று குளிரான பிரதேசத்தில் படிகின்றன. நீரில் கரையாமல் கொழுப்பில் கரைவதால் உடலில் தங்கிவிடுகின்றன. சிறு மீனை உண்ணும் பெரிய மீன், அதனை உண்ணும் கடல்நாய் என உணவுச் சங்கிலியில் மேலே செல்லச் செல்ல அவற்றின் செறிவு கூடுகிறது.

1980களில் கனடாவின் கியூபெக் மாகாணத்தில் எரிக் டிவெய்லி என்ற மருத்துவ ஆய்வாளர் தாய்ப்பாலைப் பரிசோதித்தார். ஒப்பிட்டுப் பார்க்க மாசற்ற பால் வேண்டும் என்பதால் வட துருவத்தை அண்டிய நுனாவிக் பகுதியின் இனுயிட் தாய்மாரிடம் மாதிரிகள் பெறப்பட்டன. ஆனால் அந்தப் பாலில்தான் தென்பகுதித் தாய்மாரின் பாலைவிட ஏறத்தாழ ஐந்து மடங்கு பீ.சீ.பீ. காணப்பட்டது. அதனைத் தயாரிக்கும் ஒரு தொழிற்சாலைகூட அங்கு இருக்கவில்லை. கடல் விலங்குகளின் கொழுப்பை உண்டு வாழ்ந்ததே அந்த மக்கள் செய்த ஒரே காரியம்.

பிற்காலத்தில் சர்வதேசப் பேச்சுவார்த்தைகள் நடந்தபோது, தாயும் சேயுமாகச் செதுக்கப்பட்ட சிற்பமொன்றை இனுயிட் தலைவி ஷீலா வாட் குளூட்டியர் அன்பளிப்பாகக் கொண்டுசென்றார். யாருக்காகப் பேசுகிறோம் என்பதை அங்கிருந்தோருக்கு அது நினைவூட்டியது. 2001 இல் ஸ்டொக்ஹோம் சமவாயம் ஏற்றுக்கொள்ளப்பட்டு 2004 இல் நடைமுறைக்கு வந்தது. இலங்கையும் 2005 இல் அதில் இணைந்தது. 12 இரசாயனங்களோடு தொடங்கிய பட்டியல் இன்று நீண்டுவிட்டது. பல நாட்டு நிபுணர்கள் கொண்ட குழு ஆதாரங்களை ஆராய்ந்து பரிந்துரைத்த பின்னரே புதிய பெயர்கள் சேர்க்கப்படுகின்றன.

"டி.டி.ரி. தானே மலேரியாவிலிருந்து எங்களைக் காப்பாற்றியது?" என்று பெரியவர்கள் கேட்கலாம். நியாயமான கேள்விதான். 1963 இல் இலங்கையில் மலேரியா நோயாளர் எண்ணிக்கை 17 ஆகக் குறைந்தது. தெளிப்பு நிறுத்தப்பட்ட பின் 1960களின் இறுதியில் நோய் லட்சக்கணக்கானோரைத் தாக்கியது. இந்த அனுபவத்தை உலகம் புறக்கணிக்கவில்லை. நோய் பரப்பும் நுளம்புகளைக் கட்டுப்படுத்த டி.டி.ரி.யை வரையறையோடு பயன்படுத்தச் சமவாயம் இடமளிக்கிறது. அதேவேளை நுளம்புகள் டி.டி.ரி.க்கு எதிர்ப்புச் சக்தி பெற்றதும் எங்கள் நாடு வேறு மருந்துகளுக்கு மாறியது. நோயாளரைத் தேடிக் கண்டறிந்து சிகிச்சையளித்தது. 2016 இல் மலேரியா அற்ற நாடென உலக சுகாதார ஸ்தாபனம் இலங்கையை அறிவித்தது. நஞ்சா நோயா என்ற இரண்டுக்கும் நடுவே மூன்றாவது வழி இருந்ததை நாமே காட்டியிருக்கிறோம்.

உலக சுகாதார ஸ்தாபனமும் ஐக்கிய நாடுகளின் சுற்றாடல் அமைப்பும் பல நாடுகளில் முதற் பிரசவத் தாய்மாரின் பாலைச் சேகரித்துப் பரிசோதிக்கின்றன. ஒரே முறையில் சேகரித்து ஒரே தரத்தில் அளந்தால்தான் நாட்டுக்கு நாடு ஒப்பிட முடியும். இதைக் கேட்டு எந்தத் தாயும் பாலூட்ட அஞ்சத் தேவையில்லை. தாய்ப்பாலே சிறந்தது என்றுதான் அந்த ஸ்தாபனம் இன்றும் சொல்கிறது. பூரணமாக இரண்டு வருடங்கள் பாலூட்டுவதைப் பற்றி அல்குர்ஆன் பேசுகிறது. அந்தப் பாலைத் தூய்மையாக வைத்திருக்கும் பொறுப்பைத் தாயின் மேல் மட்டும் சுமத்த முடியாது. தயாரித்தவர்களுக்கும் விற்றவர்களுக்கும் அனுமதித்தவர்களுக்கும் அதில் பங்குண்டு. தடைகள் வந்தபின் சுவீடன் போன்ற நாடுகளில் தாய்ப்பாலில் டி.டி.ரி.யின் அளவு வெகுவாகக் குறைந்ததை நீண்டகால அளவீடுகள் காட்டுகின்றன. எனவே இது கைவிட வேண்டிய முயற்சியல்ல.

ஆனால் ஒத்துழைப்பு என்பது வறிய நாடு மாதிரியைக் கொடுக்க, செல்வந்த நாடு முடிவை எழுதுவதாக இருக்கக் கூடாது. எங்கள் ஆய்வுகூடங்களும் அளக்க வேண்டும். மாதிரி தந்த தாய்க்கு அவளது மொழியில் முடிவு சொல்லப்பட வேண்டும். ஒரு கிராமத்துத் தாயிடம் சென்று கூச்சமின்றிப் பேசி அவளது நம்பிக்கையைப் பெறக்கூடியவர்கள் யார்? எங்களைப் போன்ற பெண்பிள்ளைகள்தான். பெற்றோரே, விஞ்ஞானப் பிரிவில் கற்கும் மகள் வைத்தியராக மட்டுமே வர வேண்டும் என்று எண்ணாதீர்கள். பகுப்பாய்வு இரசாயனவியலாளரும் உயிர் காப்பவரே.

வீட்டிலும் ஒரு கடமை உண்டு. பொலித்தீன், பி.வி.சி. குழாய்த் துண்டு என எல்லாம் கலந்த குப்பையை வளவுக்குள் எரிக்கும்போது டயொக்சின் உருவாகிறது. இது புற்றுநோயை உண்டாக்கக்கூடியது, நோயெதிர்ப்புச் சக்தியையும் பாதிக்கக்கூடியது. அந்தப் புகை எங்கள் மதிலோடு நின்றுவிடாது. அயலவரின் உரிமையை இத்தனை வலியுறுத்தும் மார்க்கத்தைப் பின்பற்றும் நாம், நுனாவிக்கில் பாலூட்டும் தாயையும் அயலவராகவே எண்ண வேண்டும். இன்றே அந்தத் தீயை மூட்டாதிருப்போம்.