கார் நிக்கோபாரின் பேரேடு யார் கையில்?

நிக்கோபார் தீவுகளில் தேங்காய் நெடுங்காலம் உணவுப்பொருள் மட்டுமாக இருக்கவில்லை. அதுவே நாணயமாகவும் இருந்தது. பத்தொன்பதாம் நூற்றாண்டில் கப்பலில் வந்த வணிகர்கள் துணிக்கும் அரிசிக்கும் வெட்டுக்கத்திக்கும் விலையைத் தேங்காய் எண்ணிக்கையில்தான் சொன்னார்கள். நிக்கோபாரி மக்களின் எண்முறை இருபதை அடிப்படையாகக் கொண்டது. ஆயிரக்கணக்கில் தேங்காய் எண்ணிக் கொடுத்த மக்களுக்குக் கணக்கு வராது என்று எவரும் சொல்ல முடியாது. ஆனால் எண்ணியது அவர்கள் கையென்றாலும் எழுதியது வணிகரின் கை. அடுத்த பருவத்துத் தேங்காயை ஈடாக வைத்து இன்றைய பொருளைக் கடனுக்குக் கொடுப்பது, அந்தக் கடனைத் தன் பேரேட்டில் தானே எழுதிக்கொள்வது என்ற ஏற்பாட்டில் யார் பக்கம் பாக்கி நின்றிருக்கும் என்பதை விளக்கவேண்டியதில்லை. 1956ஆம் ஆண்டின் பழங்குடியினர் பாதுகாப்பு ஒழுங்குமுறைச் சட்டம், ஒதுக்கப்பட்ட பகுதிகளில் உரிமம் இல்லாமல் வெளியார் வணிகம் செய்வதைத் தடை செய்தது. அது வணிகரைக் கட்டுப்படுத்தியது. பேரேட்டைத் தீவின் பிள்ளைகள் கையில் கொடுப்பது அந்தச் சட்டத்தின் வேலையாக இருக்கவில்லை.

2004 டிசம்பர் 26 ஆழிப்பேரலைக்குப் பிறகு இந்தக் கேள்வி வேறு வடிவில் வந்தது. 2001 கணக்கெடுப்பில் 20,292 ஆக இருந்த கார் நிக்கோபாரின் மக்கள்தொகை 2011இல் 17,841 ஆகக் குறைந்தது. கரையோரத் தென்னந்தோப்புகள் அழிந்தன. புதிதாக நட்ட தென்னை காய்க்க ஆறேழு ஆண்டுகள் வேண்டும். அந்த இடைவெளியில் நிவாரணப் பணம் காசோலையாகவும் வங்கிக் கணக்காகவும் வந்து சேர்ந்தது. நிக்கோபாரி சமூகத்தில் நிலமும் தோப்பும் ‘துஹெத்’ எனப்படும் கூட்டுக்குடும்பத்துக்கு உரியவை. அரசின் படிவமோ கணவன், மனைவி, பிள்ளைகள் என்ற சிறு குடும்பத்தையே அறியும். யாருடைய பெயரில் எவ்வளவு என்று எழுதியவர்கள் அந்தச் சமூகத்தின் உறவுமுறையை அறியாதவர்கள். வங்கிப் புத்தகத்தையே அப்போதுதான் முதன்முதலாகக் கையில் வாங்கியவர்கள் பலர். கணக்கெழுத்து நடுநிலையான தொழில்நுட்பம் என்று நம்புவோர் இந்த ஓர் அனுபவத்தையாவது படிக்கவேண்டும்.

இந்தப் பின்னணியில்தான் எளிதாகத் தோன்றும் ஒரு கேள்வியை எழுப்ப வேண்டியுள்ளது. கார் நிக்கோபாரில் பன்னிரண்டாம் வகுப்பு முடித்து, குடும்பச் சுமையால் படிப்பை நிறுத்தி, பத்துப் பதினைந்து ஆண்டுகள் கூலி வேலையோ அலுவலக எடுபிடி வேலையோ பார்த்த ஒருவர், முப்பத்தைந்து வயதில் கணக்காளராக முடியுமா?

விதிப்படி முடியும். பட்டயக் கணக்காளர் படிப்புக்கு உச்ச வயது வரம்பு கிடையாது. மேல்நிலைக் கல்வி முடித்தவர் அடிப்படைத் தேர்வின் நான்கு தாள்களை எழுதலாம். தொலைநிலைக் கல்வியில் பட்டம் பெற்றுவிட்டால், வணிகவியலில் 55 விழுக்காடும் பிற பாடங்களில் 60 விழுக்காடும் எடுத்தவர் அடிப்படைத் தேர்வு இல்லாமலேயே இடைநிலைக்குப் போகலாம். மூன்றாண்டாக இருந்த கட்டாயப் பயிற்சிக்காலமும் புதிய திட்டத்தில் இரண்டாண்டாகக் குறைக்கப்பட்டுவிட்டது. தாளில் பார்த்தால் இதைவிடத் திறந்த கதவு வேறு தொழிலில் இல்லை.

கதவு திறந்திருக்கிறது; படிக்கட்டுத்தான் இல்லை. பயிற்சியைப் பணியில் இருக்கும் பட்டயக் கணக்காளரிடமே பெறவேண்டும். அவர்களின் அலுவலகங்கள் போர்ட் பிளேயரிலோ (2024 முதல் அதற்கு ஸ்ரீ விஜயபுரம் என்று பெயர்), கடல் தாண்டிச் சென்னையிலோ கொல்கத்தாவிலோ இருக்கின்றன. போர்ட் பிளேயரே ஏறத்தாழ 270 கிலோமீட்டர் தொலைவு. பயிற்சிக்காலத்தில் முழுநேரமும் அங்கேயே இருக்கவேண்டும். வேறு சம்பாத்தியம் கூடாது. அதற்கு ஈடாகக் கிடைப்பது உதவித்தொகை. 2021இல் அதை இரட்டிப்பாக்கியபோதுகூட, பெருநகரங்களில் முதலாண்டுப் பயிற்சியாளருக்குக் குறைந்தபட்சம் 4,000 ரூபாய் என்றே வைத்தார்கள். பெற்றோர் செலவில் விடுதியில் தங்கும் இருபது வயது இளைஞருக்கே போதாத தொகை இது. வீட்டில் இரண்டு பிள்ளைகளை வைத்திருக்கும் ஒரு தாய் இதை நம்பி எப்படிக் கப்பல் ஏறுவார்? வயது வரம்பு விதியில் இல்லை என்பது உண்மை. அது உதவித்தொகையில் இருக்கிறது.

கணக்கெழுத்து எப்போதுமே வேலிக்குள் வைக்கப்பட்ட தொழில். தமிழ்நாட்டுக் கிராமங்களில் கர்ணம் பதவி பரம்பரை உரிமையாக இருந்தது. எந்த நிலம் யார் பெயரில், எவ்வளவு வரி என்பதெல்லாம் ஒரு சில குடும்பங்களின் எழுத்தாணியில் அடங்கியிருந்தன. 1980 நவம்பரில்தான் அந்த முறை ஒழிக்கப்பட்டு, கிராம நிர்வாக அலுவலர் பதவி வந்தது. தணிக்கைத் தொழிலின் வேலியோ வேறுவகை. இந்தியாவின் முதல் பெண் கணக்காளரான ஆர்.சிவபோகம் விடுதலைப் போராட்டத்தில் ஓராண்டு சிறையில் இருந்தவர். சிறை சென்றவர்கள் கணக்காளராகப் பதிவு செய்யக் கூடாதென்று அன்றைய விதி தடுத்தது. அவர் நீதிமன்றம் சென்று வென்றார். 1933இல் தகுதி பெற்ற அவர், 1950களில் பட்டயக் கணக்காளர் கழகத்தின் தென்னிந்திய மண்டலத் தலைவராகவும் இருந்தார். தகுதி போதாமல் அல்ல, விதியால்தான் அவர் வெளியே நிறுத்தப்பட்டார்.

உழைப்பவர் வேலையில் இருந்துகொண்டே கணக்காளராவதற்கு நாட்டில் வழியே இல்லை என்று சொல்லிவிட முடியாது. ரயில்வேயில் பன்னிரண்டாம் வகுப்புத் தகுதியில் கணக்கு எழுத்தராகச் சேர்பவர், துறைத் தேர்வுகளில் தேறிக் கணக்கு உதவியாளராகவும் பிரிவு அலுவலராகவும் உயர்கிறார். தலைமைக் கணக்குத் தணிக்கையாளரின் அலுவலகங்களிலும் துறைத் தேர்வு எழுதி மேலே வந்தவர்கள் ஏராளம். நாற்பது வயதில் புத்தகத்தைத் திறந்து தேறியவர்கள் இந்த அலுவலகங்களுக்குப் புதியவர்கள் அல்லர். மாதச் சம்பளம் நிற்காமல் வருவதும் பணி நிரந்தரமும்தான் அவர்களைப் படிக்க வைத்தவை.

அந்தமான் நிக்கோபார் நிர்வாகம் இதே ஏணியைத்தான் அகற்றி வைத்திருக்கிறது. பள்ளிக் கல்வி முடித்தோர் அங்கே ஆண்டுக்கணக்கில் தினக்கூலிகளாகவே உழைக்கிறார்கள். சுமார் 4,000 தினக்கூலித் தொழிலாளர்களுக்குரிய ஊதியப் பலன்களை வழங்கும்படி இட்ட உத்தரவை நிறைவேற்றவில்லை என்பதற்காக, 2023 ஆகஸ்டில் கல்கத்தா உயர்நீதிமன்றத்தின் போர்ட் பிளேயர் அமர்வு தலைமைச் செயலாளரையே பணியிடைநீக்கம் செய்தது. மறுநாளே உச்சநீதிமன்றம் அதற்குத் தடை விதித்தது. உரிய கூலிக்கே நீதிமன்றப் படி ஏறவேண்டியவர், எந்தத் துறைத் தேர்வுக்கு விண்ணப்பிப்பார்?

இணையத்தில் படிக்கலாமே என்று சிலர் சொல்லக்கூடும். 2020 ஆகஸ்டில் தொடங்கி வைக்கப்பட்ட சென்னை–அந்தமான் கடலடிக் கண்ணாடியிழை வடம் கார் நிக்கோபாரையும் தொடுகிறது. பாடம் கேட்க அது உதவும், மறுக்கவேண்டியதில்லை. ஆனால் பயிற்சிக்காலம் வடத்தின் வழியே வராது. ‘டாலி’ சான்றிதழ் ஒன்று போதும் என்போரும் உண்டு. மூன்று மாதச் சான்றிதழ் தருவது, பிறர் எழுதிய கணக்கைக் கணினியில் ஏற்றும் வேலையை மட்டுமே. அதைத் தணிக்கை செய்யவும் கேள்வி கேட்கவும் அது கற்றுத் தருவதில்லை.

கார் நிக்கோபாரில் பள்ளிகளும், கொப்பரை வணிகத்துக்கான கூட்டுறவும், மாவட்ட ஆட்சியர் அலுவலகமும் இருக்கின்றன. பழங்குடியினர் மன்றமும் ஊர்தோறும் தலைவர்களும் இருக்கிறார்கள். ஆண்டுதோறும் எழுதப்படவும் தணிக்கை செய்யப்படவும் வேண்டிய கணக்குகள் தீவிலேயே இருக்கும்போது, பயிற்சிக்கு மட்டும் கடல் கடக்கச் சொல்வதில் நியாயமில்லை. கூட்டுறவுத் தணிக்கையிலும் அரசுக் கணக்குப் பிரிவுகளிலும் செய்யும் வேலையைப் பயிற்சிக்காலத்தின் ஒரு பகுதியாகவேனும் ஏற்கும்படி 1988ஆம் ஆண்டுப் பட்டயக் கணக்காளர் விதிகளைத் திருத்தலாம். அதைக் கழகமும் ஒன்றிய அரசும் செய்யவேண்டும். ஆனால் காலியாகும் கணக்கு எழுத்தர் பணியிடங்களை உள்ளூர் தினக்கூலிகளைக் கொண்டு நிரந்தரமாக நிரப்புவதும், தேர்வு எழுதுவோருக்குச் சம்பளத்துடன் படிப்பு விடுப்பும் கப்பல் கட்டணமும் தருவதும் யூனியன் பிரதேச நிர்வாகத்தின் கையிலேயே இருக்கின்றன. இந்த நிதியாண்டின் பணியிடப் பட்டியலிலிருந்தே அதைத் தொடங்கலாம்.