புகை கக்கும் பழைய டீசல் கார்: நாசிலைக் கழற்றி மாட்டலாமா?

கேள்வி: காய்கறி மூட்டைகளைச் சந்தைக்குக் கொண்டுபோக பழைய டீசல் அம்பாசிடர் கார் இருக்கிறது. சில மாதங்களாகக் கரும்புகை கக்குகிறது. டீசலும் அதிகமாகக் குடிக்கிறது. எஞ்சினையே பிரிக்க வேண்டும் என்கிறார்கள். நாசிலை மட்டும் வீட்டிலேயே கழற்றி மாட்டிப் பார்க்கலாமா?
- மீஞ்சூர் வட்டார வாசகர்

பதில்: எஞ்சினைப் பிரிக்கும் செலவுக்குப் போகும் முன் பார்க்க வேண்டியவை இரண்டு. முதலில் ஏர் ஃபில்டர். அது அடைத்திருந்தாலே கரும்புகை வரும். அடுத்தது இன்ஜெக்டர், அதாவது நாசில்.

மருந்து தெளிப்பானின் நாசில் தேய்ந்தால் என்ன ஆகும்? பனி போல விழ வேண்டிய மருந்து சொட்டுச் சொட்டாக ஒழுகும். மருந்தும் வீண், பயிரும் கருகும். எஞ்சினிலும் இதே கதைதான். பூவாகச் சிதற வேண்டிய டீசல் ஒழுகினால் முழுவதும் எரியாமல் புகையாகப் போகும். கவனிக்காமல் ஓட்டினால் பிஸ்டனின் தலையே கருகும்.

நாசிலைக் கழற்றி மாட்டுவது பொறுமையுள்ள எவரும் செய்யக்கூடிய வேலைதான். ஆனால், சோதிப்பது பட்டறை வேலை. மேலும், இங்கே சொல்வது பழைய மெக்கானிக்கல் பம்ப் வண்டிகளுக்கு மட்டுமே. காமன் ரெயில் வண்டிகளில் அழுத்தம் பல மடங்கு அதிகம். அவற்றில் கை வைக்க வேண்டாம்.

கழற்றும்போது:

எஞ்சின் நன்றாக ஆறியிருக்க வேண்டும். பேட்டரி இணைப்பை எடுத்துவிடுங்கள். பைப்பைத் தளர்த்துவதற்கு முன்பே நாசிலைச் சுற்றியுள்ள மண்ணையும் எண்ணெய்ப் பிசுக்கையும் பிரஷ்ஷால் துடைத்துவிட வேண்டும். உள்ளே விழும் ஒரு மணல் துகள் போதும், புது நாசிலும் கெடும்.

முன்பக்கத்திலிருந்து 1, 2, 3, 4 என்று நாசிலுக்கும் பைப்புக்கும் அடையாளம் போடுங்கள். ரிட்டர்ன் பைப்பையும் பிரஷர் பைப்புகளையும் கழற்றி, முனைகளைச் சுத்தமான பிளாஸ்டிக் தாளால் மூடுங்கள். பைப்பை வளைக்கக் கூடாது. பிடித்திருக்கும் நட்டுகளை மாற்றி மாற்றிக் கொஞ்சம் கொஞ்சமாகத் தளர்த்துங்கள். நாசில் இறுகியிருந்தால் கடப்பாரையால் நெம்பாதீர்கள். துரு இளக்கும் எண்ணெய் விட்டு ஒரு இரவு ஊறவைத்து, இடமும் வலமுமாக அசைத்தால் வந்துவிடும்.

அடியிலுள்ள காப்பர் வாஷர் பல நேரங்களில் குழிக்குள்ளேயே தங்கிவிடும். அதைத் தேடி எடுத்துவிட்டு, குழியைச் சுத்தமான துணியால் அடைத்து வையுங்கள்.

சோதனை எங்கே?

மீஞ்சூர்க்காரர்களுக்கு ஒரு வசதி உண்டு. எண்ணூரில் 1948-ல் தொடங்கிய அசோக் மோட்டார்ஸ் முதலில் கட்டியது ஆஸ்டின் ஏ40 கார்களை. அவை கார்புரேட்டர் வைத்த பெட்ரோல் வண்டிகள். டீசல் நாசில் கவலையே இல்லை. பிறகு லேலண்டுடன் சேர்ந்து, 1955-ல் அசோக் லேலண்ட் ஆகி, டீசல் லாரிகளுக்குப் பெயர் பெற்றது. இன்று துறைமுக லாரிகளும் காசிமேட்டு விசைப்படகுகளும் டீசலில்தான் ஓடுகின்றன. அதனால் திருவொற்றியூர், ராயபுரம் பக்கம் டீசல் பம்ப் பட்டறைகளுக்குக் குறைவில்லை.

பட்டறையில் மூன்றைக் கேட்டுப் பாருங்கள்: சரியான அழுத்தத்தில் திறக்கிறதா, புகை போலச் சிதறுகிறதா, நின்றபின் சொட்டுகிறதா. நாசிலும் அதன் ஊசியும் ஜோடியாகச் செய்யப்பட்டவை. ஒன்றின் ஊசியை இன்னொன்றில் போடக் கூடாது. உப்புத்தாளால் தேய்க்கவும் கூடாது.

மாட்டும்போது:

காப்பர் வாஷர் கட்டாயம் புதிதாக இருக்க வேண்டும். பழையது உள்ளே இருக்க, அதன்மேல் புதியதைப் போட்டால் நாசில் உயர்ந்து நிற்கும், எரிவாயு கசியும். நட்டுகளைச் சம அளவில், வண்டியின் கையேட்டில் சொன்ன இறுக்கத்துக்கு டார்க் ரெஞ்ச் வைத்து முடுக்குங்கள். அளவுக்கு மீறி முறுக்கினால் நாசில் நெளிந்து, ஊசி சிக்கிக்கொள்ளும். பைப் நட்டுகளை முதலில் விரலால் மரை ஏற்றி, பிறகே ஸ்பானர் போட வேண்டும்.

அடுத்து ஏர் எடுக்க வேண்டும். ஃபில்டரில் உள்ள ஏர் ஸ்க்ரூவைத் தளர்த்தி, குமிழி இல்லாமல் டீசல் வரும்வரை ஹேண்ட் பம்ப்பை அடியுங்கள். பேட்டரியை இணைத்து, நாசில் பக்கத்து பைப் நட்டுகளைச் சற்றுத் தளர்த்தி, செல்ஃப் அடித்து, டீசல் வந்ததும் இறுக்குங்கள். ஸ்டார்ட் ஆனபின் நாசில் அடியில் 'சக் சக்' என்று சத்தம் கேட்டால் வாஷர் சரியாக உட்காரவில்லை என்று பொருள்.

விரல் பத்திரம்!

வெளியே எடுத்த நாசில் சிதறுவதைக் கையால் தொட்டுப் பார்க்கும் பழக்கம் பலரிடம் இருக்கிறது. பழைய வண்டியிலும் டீசல் சதுர சென்டிமீட்டருக்கு ஏறத்தாழ 100 கிலோவோ அதற்கு மேலோ அழுத்தத்தில் பாய்கிறது. தோலைத் துளைத்து உள்ளே போய்விடும். வெளியே ஊசி குத்தியது போல ஒரு புள்ளிதான் தெரியும்; முதலில் வலியும் குறைவு. சில மணி நேரத்தில் விரல் வீங்கி, சதை அழுகி, விரலையே எடுக்க நேரிடலாம். கசிவைப் பார்க்க அட்டைத் துண்டை நீட்டுங்கள், கையை அல்ல.

அப்படிப் பட்டுவிட்டால் மஞ்சள் தடவி, 'நாளைக்குப் பார்க்கலாம்' என்று இருக்க வேண்டாம். உடனே மருத்துவமனைக்குப் போய், 'டீசல் அழுத்தமாகப் பாய்ந்தது' என்று தெளிவாகச் சொல்லுங்கள். ராயபுரத்தை ஒட்டிய ஸ்டான்லி அரசு மருத்துவமனையில் கை அறுவை சிகிச்சைக்கென்றே தனிப் பிரிவு உண்டு. நாசிலைப் பிறகு வாங்கிக்கொள்ளலாம். களை பறிக்கவும் நாற்று நடவும் விரல் வேண்டும்.