‘இனிமே விட்டு என்ன ஆகப்போகுது?’ – முற்றிய சிறுநீரகப் புற்றுநோயும் புகைப்பழக்கமும்: சங்கத்தின் நிலைப்பாடு

சிறுநீரகத்தில் தொடங்கிய புற்றுநோய் நுரையீரலுக்கோ எலும்புக்கோ பரவிவிட்டது என்று மருத்துவர் சொன்ன நாளோடு, பல வீடுகளில் பீடியைப் பற்றிய சண்டை ஓய்ந்துவிடுகிறது. அதுவரை கட்டை ஒளித்து வைத்த மனைவியே, கடைக்குப் போய் வாங்கி வரச் சொல்லி மகனை அனுப்புகிறார். “இனிமே விட்டு என்ன ஆகப்போகுது? இருக்கிற வரைக்கும் ஆசைப்பட்டதைச் செய்யட்டும்.” அன்பில் வரும் பேச்சுதான். ஆனால் கணக்கு தப்பு.

நோயாளிகளும் குடும்பத்தினரும் மருத்துவர்களும் சேர்ந்து நடத்தும் இந்தச் சங்கத்தின் நிலைப்பாடு இதுதான்: முற்றிய சிறுநீரகப் புற்றுநோய்க்குச் சிகிச்சை பெறுபவர் புகையை நிறுத்த உதவுவது, அந்தச் சிகிச்சையின் ஒரு பகுதி. அது மருந்துச் சீட்டில் இடம்பெற வேண்டும்; கிளம்பும் நேரத்தில் வாசலில் சொல்லும் புத்திமதியாக இருந்தால் போதாது. நிறுத்த முடியாதவருக்கு அதைக் காரணம் காட்டி எந்தச் சிகிச்சையும் மறுக்கப்படக் கூடாது.

‘இனிமே என்ன’ என்ற கேள்விக்கு ஒரு காலத்தில் ஓரளவு நியாயம் இருந்தது. பரவிய சிறுநீரகப் புற்றுநோய்க்கு அப்போது கையில் இருந்தவை இன்டர்ஃபெரானும் இன்டர்லூகின்-2வும்தான். சிலருக்கு மட்டுமே அவை பலன் தந்தன. 2005 டிசம்பரில் சோராஃபெனிப், 2006 ஜனவரியில் சுனிடினிப் என இலக்கு மருந்துகளுக்கு அமெரிக்காவில் அனுமதி கிடைத்தது. 2015இல் நோயெதிர்ப்பு மருந்தான நிவோலுமாப் வந்தது. 2018இல் அதோடு இபிலிமுமாப்பையும் சேர்த்துத் தரும் முறை வந்தது. மாதக்கணக்கில் பேசப்பட்ட நோயில் இன்று ஆண்டுக்கணக்கில் வாழ்பவர்கள் இருக்கிறார்கள். வாழும் காலம் நீண்டதால், புகை கெடுப்பதற்கும் காலம் கிடைத்திருக்கிறது.

நோய் தெரிந்த பிறகு புகையை விட்டாலும் பலன் உண்டு என்பதற்கு வலுவான சான்று மாஸ்கோவிலிருந்து வந்தது. நோய் கண்டறியப்பட்டபோது புகைத்துக்கொண்டிருந்த 212 சிறுநீரகப் புற்றுநோயாளிகளை 2007 முதல் 2016 வரை ஆய்வில் சேர்த்து, ஆண்டுதோறும் விசாரித்தார்கள். ஏறத்தாழ 40 சதவீதம் பேர் நோய் தெரிந்த பிறகு புகையை விட்டிருந்தனர். ஐந்து ஆண்டுகள் கழித்துப் பார்த்தபோது, விட்டவர்களில் 85 சதவீதம் பேர் உயிரோடு இருந்தார்கள். தொடர்ந்தவர்களில் 61 சதவீதம். நோய் முன்னேறாமல் இருந்தவர்கள், விட்டவர்களில் 80 சதவீதம், தொடர்ந்தவர்களில் 57 சதவீதம். முடிவுகள் 2023இல் வெளியாயின. தொடக்க நிலையில் இருந்தவர்களும் இதில் உண்டு என்பதால், இந்த எண்களை அப்படியே பரவிய நோய்க்குப் பொருத்திவிடக் கூடாது. ஆனால் தாமதமான நிலையில் இருந்தவர்களிடமும் பலன் அதே திசையில்தான் தெரிந்தது.

பரவிய நோயை மட்டும் எடுத்துக்கொண்ட ஆய்வுகளும் இதோடு ஒத்துப்போகின்றன. சுனிடினிப் சாப்பிட்டவர்களைப் பற்றி 2014இல் வந்த ஆய்வில், புகைத்துக்கொண்டே இருந்தவர்களிடம் மருந்து குறைந்த காலமே நோயைக் கட்டுப்படுத்தியது. ஐ.எம்.டி.சி. எனப்படும் பன்னாட்டுத் தரவுக் கூட்டமைப்பின் பதிவுகளை வைத்து 2019இல் வந்த ஆய்வும், இலக்கு மருந்து பெற்றவர்களில் புகைப்பவர்களின் ஆயுள் குறைவு என்றது. முன்பே விட்டவர்களின் நிலை, புகைக்காதவர்களின் நிலைக்கு அருகில் இருந்தது.

இதே கூட்டமைப்பின் பெயரில் வழங்கும் மதிப்பெண் முறையைக் கொண்டுதான் உலகெங்கும் மருத்துவர்கள் இந்த நோயாளிகளை வகைப்படுத்துகிறார்கள். நோயாளியின் நடமாட்டத் திறன், நோய் தெரிந்ததற்கும் மருந்து தொடங்கியதற்கும் இடைப்பட்ட காலம், ஹீமோகுளோபின், கால்சியம், நியூட்ரோஃபில், பிளேட்லெட் என ஆறு அம்சங்கள். ஆறில் ஒன்றையும் நோயாளி தானாக மாற்றிக்கொள்ள முடியாது. அவர் கையில் இருக்கும் புகை அந்தப் பட்டியலில் இல்லை. பல கேஸ் ஷீட்டுகளில் அதற்கு ஒரு வரிகூட இருப்பதில்லை.

உடலுக்குள் நடப்பதும் புரியாத புதிரல்ல. சுனிடினிப் போன்ற மருந்துகள் கட்டிக்கு ரத்தம் கொண்டுபோகும் குழாய்களின் வளர்ச்சியைத் தடுப்பவை. கூடவே ரத்த அழுத்தத்தை ஏற்றும், சிலருக்கு இதயத்தையும் தளர்த்தும். புகையும் ரத்தக் குழாய்களையே தாக்குகிறது. பலருக்கு ஒரு சிறுநீரகம் ஏற்கெனவே எடுக்கப்பட்டிருக்கும். மிச்சமுள்ள ஒன்றையும் புகை தேய்க்கிறது. நோயெதிர்ப்பு மருந்தால் சிலருக்கு நுரையீரல் அழற்சி வரும்போது, புகையில் அடிபட்ட நுரையீரலுக்குத் தாங்கும் சக்தி குறைவு.

சான்றுகளின் எல்லையையும் சங்கம் மறைக்கவில்லை. இவை யாவும் கவனித்துப் பார்த்த ஆய்வுகள். சீட்டுக் குலுக்கிப் பிரித்துச் செய்தவை அல்ல. உடல் தேறியவர்களே புகையை எளிதாக விட்டிருக்கலாம். புற்றுநோயாளிகளின் இறப்பைப் புகை கூட்டுகிறது என்று அமெரிக்கத் தலைமை மருத்துவரின் 2014 அறிக்கை உறுதியாகவே சொன்னது. நோய் தெரிந்த பின் விட்டால் ஆயுள் கூடுமா என்பதில் 2020 அறிக்கை, சான்றுகள் அப்படிச் சுட்டினாலும் முடிவுகட்டப் போதாது என்றது. மாஸ்கோ ஆய்வு அதற்குப் பிறகு வந்தது. இன்னொரு பேச்சும் உலவுகிறது: புகைப்பவர்களுக்குத்தான் நோயெதிர்ப்பு மருந்து நன்றாக வேலை செய்யும் என்று. அது நுரையீரல் புற்றுநோயில் கண்டது. அதைச் சிறுநீரகத்துக்கு இழுத்து வந்து, புகையைத் தொடரச் சாக்காக்குவதைச் சங்கம் ஏற்கவில்லை.

“பீடிதானே, சிகரெட் இல்லையே” என்பதும் ஆறுதலாகாது. 2016–17 தேசியக் கணக்கெடுப்பின்படி, இந்தியாவில் பெரியவர்களில் 7.7 சதவீதம் பேர் பீடி பிடிக்கிறார்கள். சிகரெட் 4 சதவீதம். பீடிப் புகையிலும் தாரும் கார்பன் மோனாக்சைடும் நிறையவே உண்டு.

ஆகவே மருத்துவமனைகளிடம் சங்கம் கேட்பது சில காரியங்கள். ஒவ்வொரு முறை வரும்போதும் பீடியா, சிகரெட்டா, நாளுக்கு எத்தனை என்று கேட்டு எழுத வேண்டும். புகை நிறுத்த ஆலோசனை வேறு கட்டடத்தில் இல்லாமல், புற்றுநோய் ஓ.பி.யிலேயே அதே நாளில் கிடைக்க வேண்டும். நிக்கோட்டின் சூயிங்கம், ஒட்டுப்பட்டை, மாத்திரை எதுவானாலும் புற்றுநோய் மருத்துவரைக் கலந்தே தர வேண்டும். காரணம், இந்த நோய் மூளைக்கும் பரவக்கூடியது, புப்ரோபியான் மாத்திரையோ வலிப்பு வரும் வாய்ப்பைக் கூட்டுவது. புதிய மருந்துச் சோதனைகளில் புகைப்பழக்கம் தொடக்கத்திலும் இடையிலும் பதிவாக வேண்டும்.

கேட்கும் விதமும் முக்கியம். இந்த நோய்க்குப் பருமனும் உயர் ரத்த அழுத்தமும் காரணமாகின்றன. சிலருக்குப் பரம்பரையாகவும் வருகிறது. புகையைத் தொட்டே பார்க்காதவர்களும் வார்டில் படுத்திருக்கிறார்கள். “நீங்களே தேடிக்கிட்டது” என்று ஒரு முறை சொல்லிவிட்டால், அடுத்த முறை அந்த நோயாளி உண்மையைச் சொல்ல மாட்டார்.

நாற்பது வருஷப் பழக்கத்தை ஒரே வாரத்தில் விட முடியாமல் மறுபடி பற்றவைத்தவரை, அடுத்த ஓ.பி.யில் மறுபடி முதலிலிருந்து கேட்க வேண்டும். வீட்டில் மற்றவர்கள் புகைத்தால் அவர்களையும் அதே ஆலோசனைக்கு அழைக்கலாம். புகையிலையை விட விரும்புவோருக்கான அரசின் கட்டணமில்லாத் தொலைபேசி எண் 1800-11-2356. சிகரெட் அட்டையிலேயே அச்சாகியிருக்கும் அந்த எண்ணை, டிஸ்சார்ஜ் சீட்டிலும் அச்சிட வேண்டும் என்பது சங்கத்தின் உடனடிக் கோரிக்கை.