ராஜதந்திரமும் முட்டை வியாபாரமும்

பரராஷ்டிர விவகாரம் என்பது டில்லியிலும் ஜினீவாவிலும் கதவடைத்துப் பேசும் கனவான்களின் தொழில் என்றே நம்மவர் நெடுங்காலம் எண்ணியிருந்தனர். புதுச்சத்திரத்துக் கோழிப்பண்ணைக்காரருக்கும் வாஷிங்டனுக்கும் என்ன சம்பந்தம் என்று முன்பு எவரேனும் கேட்டிருந்தால் கேட்டவரைப் பார்த்து நகைத்திருப்பார்கள். இன்று நகைப்பார் இல்லை. நாமக்கல் வட்டாரத்து முட்டையின் அன்றாட விலையை எந்தக் கைத்தொலைபேசியில் பார்க்கிறார்களோ, அதே கைத்தொலைபேசியில்தான் அயல்நாட்டு ஜனாதிபதியின் கட்டளையும் வந்து விழுகிறது.

நடந்ததை நினைவூட்டுவோம். 2025-ஆம் ஆண்டின் தொடக்கத்தில் பறவைக் காய்ச்சலால் அமெரிக்காவில் கோழிகள் கோடிக்கணக்கில் அழிந்தன. மார்ச்சு மாதத்தில் அங்கே ஒரு டஜன் முட்டையின் சராசரி விலை ஆறு டாலரைத் தாண்டிற்று. அவ்வாண்டு ஜூன் மாதத்தில் நாமக்கல்லிலிருந்து ஏறத்தாழ ஒரு கோடி முட்டைகள் குளிர்பதனப் பெட்டகங்களில் அந்நாட்டுக்குக் கப்பலேறின. புதிய சந்தை ஒன்று திறந்ததென்று நம் ஜில்லா மகிழ்ந்தது. ஜூலை 30-ஆம் தேதி ஜனாதிபதி டிரம்ப் 'ட்ரூத் சோஷல்' என்னும் தம் இணையப் பலகையில், இந்தியச் சரக்குகளுக்கு நூற்றுக்கு 25 வீதம் வரி என்றும், ருஷியாவிடம் எண்ணெயும் ஆயுதமும் வாங்குவதற்காக அதன்மேல் தண்டம் என்றும் எழுதினார். ஆகஸ்டு 27 முதல் அவ்விரண்டும் சேர்ந்து நூற்றுக்கு 50 வீதமாயிற்று. முட்டையோ நாட்பட வைக்கத் தகாத பண்டம். அதில் கிடைக்கும் லாபம் பைசாக் கணக்கு. ஐம்பது வீதம் வரி ஏறினால் வியாபாரிக்கு என்ன மிஞ்சும்? பின்னால் நடந்த பேச்சுகளும் வழக்குகளும் வேறு கதை.

தன் எல்லைக்குள் வரும் சரக்குக்கு வரி விதிக்கும் உரிமை எந்தத் தேசத்துக்கும் உண்டு. அதைப் பற்றி நாம் புகார் கூற வரவில்லை. அப்பொழுது இரு ஸர்க்கார்களின் பிரதிநிதிகள் வியாபார உடன்படிக்கையைப் பற்றி ஐந்து சுற்றுப் பேச்சு நடத்தி முடித்திருந்தனர். அத்தனை மாதப் பேச்சுக்கும் ஒரு பகல் பொழுதில் எழுதப்பட்ட சில வரிகளுக்கும் என்ன உறவு என்பதே நம் கேள்வி.

சுருங்கிய செய்தியின் அபாயம் புதிதன்று. 1870-ஆம் ஆண்டு ஜூலை 13 அன்று எம்ஸ் நகரிலிருந்து பிரஷ்ய மன்னரின் செய்தியைத் தாங்கி வந்த தந்தியைப் பிஸ்மார்க் கத்தரித்து, கடுமை தோன்றச் செய்து, பத்திரிகைகளுக்குக் கொடுத்தார். ஆறு நாளில் பிரான்ஸ் யுத்தப் பிரகடனம் செய்தது. ஆயினும் அன்று அந்த வேலைக்கு ஒரு தந்தியும், ஒரு மந்திரியும், ஓர் அச்சுக்கூடமும் தேவைப்பட்டன. இடையில் எவரேனும் ஒருவர் 'சற்றுப் பொறுங்கள்' என்று கூற இடமிருந்தது. இன்று நினைப்புக்கும் பிரசுரத்துக்கும் இடையே ஒரு விரலே இருக்கிறது.

இதற்கு மாறாக, ராஜதந்திரம் இரகசிய அறையிலிருந்து வெளியே வந்தது நன்மைதானே என்று வாதிப்போர் உளர். 1918-இல் அமெரிக்க ஜனாதிபதி உட்ரோ வில்சன் கோரியதும் பகிரங்க உடன்படிக்கைகளையே அல்லவா என்பர். இவ்வாதத்தை நாம் எளிதில் தள்ளிவிட முடியாது. இரகசியத்தால் தமிழ்நாடு பட்ட நஷ்டம் சிறிதன்று. 1974 ஜூன் மாதத்தில் ஸ்ரீமதி இந்திரா காந்தியும் ஸ்ரீமதி பண்டாரநாயகாவும் கையொப்பமிட்ட உடன்படிக்கையால் கச்சத்தீவு இலங்கையின் பக்கம் சென்றது. தேசத்தின் நிலத்தை அயல்நாட்டுக்குக் கொடுக்க அரசியல் சட்டத்தையே திருத்த வேண்டும் என்று பேருபாரி விஷயத்தில் 1960-இல் சுப்ரீம் கோர்ட்டு அபிப்பிராயம் கூறியிருந்தது. இது நிலம் கொடுத்ததன்று, எல்லைத் தகராறு தீர்ந்தது மட்டுமே என்று சொல்லி ஸர்க்கார் அந்த வாயிலைச் சுற்றிக் கடந்தது. அதனினும் பெரிய அநியாயம் 1976 மார்ச்சில் நிகழ்ந்தது. ஒரு தேசத்து மீனவர் மற்றத் தேசத்துக் கடலில் மீன் பிடிக்கலாகாது என்பது இரு உத்தியோகஸ்தர்களின் கடிதப் பரிமாற்றத்தால் முடிவாயிற்று. அவ்வாண்டு ஜனவரி 31 அன்றே தமிழ்நாட்டு மந்திரிசபை கலைக்கப்பட்டு விட்டமையால், மறுத்துப் பேசுதற்குச் சென்னையில் சட்டசபைகூட இல்லை!

அந்த இரகசியத்துக்கு இன்றைய பகிரங்கம் பரிகாரம் ஆகிறதா? 2024 மார்ச்சு 31 அன்று, தமிழ்நாட்டில் ஓட்டெடுப்புக்கு மூன்று வாரமும் இல்லாத சமயத்தில், பிரதம மந்திரி கச்சத்தீவைப் பற்றி 'எக்ஸ்' தளத்தில் எழுதினார்; மறுநாள் வெளிநாட்டு மந்திரி பத்திரிகையாளரைக் கூட்டிப் பேசினார். தேர்தல் முடிந்தது. ராமேசுவரத்து மீனவர் அதற்குப் பின்னும் இலங்கைக் கடற்படையால் பிடிக்கப்பட்டனர். 1974-இல் நம்மைக் கேளாமல் முடிவு செய்தனர். இப்பொழுது நம்மைக் கேளாமல் முடிவு செய்து உடனே நமக்குத் தெரிவிக்கின்றனர். விஷயம் விரைவில் தெரிகிறது என்பதைத் தவிர, பாதிக்கப்படுகிறவனுடைய நிலை எவ்வகையில் உயர்ந்தது?

நம் அரசியல் ஊழியர்களுக்கும் ஒரு வார்த்தை உண்டு. கசப்பாயிருப்பினும் பொறுக்க வேண்டுகிறோம். 2025 மே 10 அன்று இந்தியா, பாகிஸ்தான் சண்டை நிறுத்தத்தை முதலில் உலகுக்கு அறிவித்தவர் மூன்றாம் தேசத்து ஜனாதிபதி, தம் இணையப் பலகையில். பாகிஸ்தான் சேனையின் அதிகாரி பிற்பகல் 3.35-க்கு நம் சேனையின் அதிகாரியைத் தொலைபேசியில் அழைத்தார், இருவரும் நேரே பேசி உடன்பட்டனர் என்று பிறகே நம் வெளிநாட்டுக் காரியதரிசி ஸ்ரீ விக்ரம் மிஸ்ரி அறிவித்தார். முந்திக்கொண்டவரிடம் எழ வேண்டிய கோபம் யார்மேல் பாய்ந்தது? ஸர்க்காரின் முடிவை வாசித்த அந்த உத்தியோகஸ்தர் மேல். அவரையும் அவர் குடும்பத்தாரையும் தூஷித்து எழுதிய எழுத்துக்களின் வெள்ளம் தாங்காமல் அவர் தம் கணக்கைப் பொதுமக்கள் பார்வையிலிருந்து பூட்டிக்கொள்ள நேர்ந்தது. இதைச் செய்தோர் தேசபக்தர் என்றே தம்மை அழைத்துக்கொள்கின்றனர். அயல்நாட்டாரோடு பேசச் செல்லும் தூதன் வீட்டைப் பற்றி அஞ்சிக்கொண்டு பேசினால் தேசத்துக்கு என்ன கிட்டும்?

நம் ஊரைப் பொறுத்தவரை உண்மையான வேலை இந்தக் கூச்சல் ஒன்றுமில்லாத இடத்தில் நடக்கிறது. 2024 டிசம்பரில் ஓமான் ஸர்க்கார் இந்திய முட்டைக்குப் புதிய இறக்குமதி அனுமதி கொடுப்பதை நிறுத்திற்று. கோடிக்கணக்கான ரூபாய் பெறுமான முட்டை ஸோஹார் துறைமுகத்தில் தேங்கி நின்றது. கத்தார் தேசமோ முட்டையின் எடையைப் பற்றிப் புது நிபந்தனை விதித்திருந்தது. நம் ஜில்லாவின் ராஜ்யசபை அங்கத்தினர் ஸ்ரீ கே.ஆர்.என். ராஜேஷ்குமார் இதை எழுப்பினார். எந்த ஜனாதிபதியும் இதைப் பற்றி இணையத்தில் எழுதவில்லை, எழுதியிருந்தாலும் பயனில்லை. மஸ்கட்டிலுள்ள நம் ஸ்தானிகர் காரியாலயத்தில் ஒருவர் அந்நாட்டு விவசாய இலாகாவின் படிகளை ஏறி இறங்கவேண்டும். நோயில்லை என்ற அத்தாட்சியைக் காட்டவேண்டும். எடைக் கணக்கை விவாதிக்கவேண்டும். சலிப்பூட்டும் வேலைதான். ஆயினும் கோழித்தீவனம் வாங்கிய கடன் அடைவது அவ்வேலையால்தான்.

2025 ஜூலை 24 அன்று இந்தியாவும் பிரிட்டனும் வியாபார உடன்படிக்கையில் கையொப்பமிட்டன. பிரிட்டனில் 2010-ஆம் வருஷத்துச் சட்டப்படி, அத்தகைய உடன்படிக்கையை உறுதி செய்யுமுன் பார்லிமெண்டின் முன் 21 அமர்வு நாட்கள் வைத்தாக வேண்டும். காமன்ஸ் சபை மறுத்துத் தீர்மானித்தால் உறுதி செய்தல் தடைப்படும். நம் அரசியல் சட்டத்தில் அப்படி ஒரு நிபந்தனை இல்லை. 253-ஆவது ஷரத்து, உடன்படிக்கையை நிறைவேற்றச் சட்டம் செய்யும் அதிகாரத்தைப் பார்லிமெண்டுக்குக் கொடுக்கிறது. கையொப்பத்துக்கு முன் சபையின் சம்மதம் வேண்டும் என்று கூறவில்லை. ஒருவரை ஆண்ட தேசத்தின் சபைக்கு உள்ள அதிகாரம் ஆளப்பட்டு விடுதலை பெற்ற தேசத்தின் சபைக்கு இல்லை என்பது விந்தையே.

2025 டிசம்பர் 18-இல் மஸ்கட்டில் இந்தியாவும் ஓமானும் ஒரு பொருளாதார உடன்படிக்கையில் கையொப்பமிட்டன. வரி குறைப்பைப் பற்றியே எங்கும் பேச்சு. அனுமதிச் சீட்டு கிடையாதெனில், வரி அறவே ஒழிந்தாலும் முட்டை ஸோஹாரிலேயே நிற்கும். ஆதலின் சேலம், நாமக்கல் அங்கத்தினர்கள் இரு சபைகளிலும் கேட்கவேண்டிய கேள்வி இது: அனுமதி திடீரென்று நிறுத்தப்பட்டால் எத்தனை நாளுக்குள் காரணம் கூறவேண்டும், வழியிலுள்ள சரக்கின் கதி என்ன, இவற்றுக்கு அவ்வுடன்படிக்கையில் எந்த ஷரத்து விடை கூறுகிறது?