வயசுக்கேத்த விளையாட்டு

எட்டு வயது மகனை எந்த விளையாட்டில் சேர்க்கலாம் என்று ஒரு சகோதரி கேட்டிருந்தார். எது என்பதைவிட, எந்த வயசில் எவ்வளவு என்பதுதான் முக்கியம். நான் பட்ட பிறகு புரிந்தது இது.

இவருக்கு ஒரு கோல்ஃப் கிளப்பில் கணக்கு எழுதும் வேலை. ஊழியர் பிள்ளைகளுக்கும் அங்கே பயிற்சி உண்டு. பெரியவனை ஆறு வயதில் சேர்த்தோம். பெரியவர்கள் மட்டையையே அறுத்துக் கொடுத்தார்கள். நீளம்தான் குறைந்தது, கனம் குறையவில்லை. பிள்ளை அதை ஓங்க முதுகை வில்லாய் வளைப்பான். தினம் நூறு பந்து! அழுதால், "பழகினால் சரியாயிடும்" என்று நானே அதட்டுவேன். ஒன்பது வயதில் மட்டையைக் கட்டிலுக்கடியில் தள்ளினவன் அப்புறம் தொடவே இல்லை. இப்போது கல்லூரியில் படிக்கிறான்.

சின்னவளுக்கு வாய்த்த மாஸ்டர் வேறு மாதிரி. முதல் மாதம் மட்டையே கிடையாது. பந்தை எறி, பிடி, ஒற்றைக்காலில் நில், கயிறு தாண்டு, அவ்வளவுதான். "இந்த வயசில் கால்மணிக்கு மேல் மனசு நிக்காதும்மா" என்றார். பிறகு குழிக்கு இரண்டடி தள்ளிப் பந்தை வைத்து உருட்டச் சொன்னார். 'டொக்'கென்று விழுந்தால் அவள் குதிக்கிற குதி! தூரத்தை அடியடியாகக் கூட்டினார். லேசான சின்ன மட்டையில் முதலில் அரை வீச்சு. எட்டு வயதுக்குப் பிறகுதான் முழு வீச்சு.

பன்னிரண்டு வயதில் கிடுகிடுவென்று வளர்ந்தாள். கை கால் நீண்டதும், ஒழுங்காகப் போன பந்து தாறுமாறாய்ப் போச்சு. எனக்குப் பழைய புத்தி. "இன்னும் ஐம்பது அடிடி" என்றேன். மாஸ்டர் தடுத்துவிட்டார். எலும்பு வளருகிற வேகத்தில் அதன் நுனிப் பக்கம் இன்னும் கெட்டிப்படாமல் இருக்குமாம். ஒரே வீச்சைத் திரும்பத் திரும்ப வீசினால் முதுகும் மணிக்கட்டும் நோகும். பந்துகளைக் குறைத்து, நீச்சலுக்கு அனுப்பினார். பெண்பிள்ளைகளுக்கு இந்த வளர்த்தி பையன்களைவிட ஓரிரு வருஷம் முந்தியே வரும். பெரியவளாகிற சமயமும் அதை ஒட்டித்தானே! பக்கத்து வீட்டுப் பையனோடு ஒப்பிட்டுப் பேசாதீர்கள்.

பெங்களூர் அதிதி அசோக் 2021-ல் டோக்கியோ ஒலிம்பிக்கில் நாலாவதாக வந்தபோது, மட்டைப் பையைச் சுமந்து கூடவே நடந்தவர் அவர் அம்மா. அதைப் பார்த்ததிலிருந்து எனக்கும் ஆசைதான், மறைப்பானேன்?

போன வாரம் பெரியவன் தங்கை ஆடுவதைப் பார்த்துவிட்டு வந்தான். "என்னையும் இப்படி விட்டிருக்கலாமேம்மா" என்றான். என்ன சொல்வது? தட்டை வைத்துச் சாதம் போட்டேன்.